அமாவாசை அன்று சாப்பிடாதவள்

ராஜ்கமல் கடலுக்குப் போகிறவன் அல்ல. கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருந்த டீசல் எஞ்சின் பட்டறையில் மெக்கானிக். அவன் வகையறாவில் எல்லாரும் நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்டவர்கள். உப்புத் தண்ணீரில் பிழைத்தவர் ஒருவரும் இல்லை. போன ஐப்பசியில் ஒரு விசைப்படகின் எஞ்சின் கரையில் ஒழுங்காக ஓடியது, கடலுக்குள் போனால் மட்டும் முரண்டு பிடித்தது. "ஒரே ஒரு நடை கூட வந்து, சத்தத்தக் காதால கேட்டுட்டு சொல்லுப்பா" என்று படகு டிரைவர் கூப்பிட்டார். விடியலில் போனான். மனைவியிடம் சொல்லக்கூட இல்லை. பட்டறைக்குத்தான் போயிருக்கிறான் என்று கயல்விழி நினைத்திருந்தாள். விஷயம் தெரிந்ததும், அவன் வந்தால் திட்டுவதற்கு என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள்.

மதியத்துக்கு மேல் காற்று திரும்பிப் படகு கவிழ்ந்தது. இரண்டு பேரை வேறொரு படகு தூக்கிக் கரை சேர்த்தது. ஓர் உடல் பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே ஒதுங்கியது. அது படகில் சமையல் பார்த்தவருடையது. ராஜ்கமல் ஒதுங்கவில்லை.

உடல் வராததால் அந்த வீட்டில் அவன் சாகவும் இல்லை. அப்படித்தான் அவன் அம்மா கொளஞ்சியம்மாள் வைத்திருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தினாள். "எம்புள்ள ஒடம்பக் காட்டுங்க, அப்பறம் வந்து அழுவுங்க. எந்தக் கரையில ஏறிக் கெடக்கானோ. எலங்கக்காரன் புடிச்சி வெச்சிருக்கானோ என்னாவோ" என்பாள். அவள் குரலுக்கு அந்தத் தெருவே கொஞ்சம் பயப்படும். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். கயல்விழி பொட்டு வைத்துக்கொண்டாள், பூ வைத்துக்கொண்டாள், தாலியை ரவிக்கைக்கு வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டாள். எவளாவது உற்றுப் பார்த்தால் மாமியார் முறைப்பாள்.

குழந்தை இல்லாத வீடு. மாமியார், மருமகள், ராஜ்கமலின் தம்பி செந்தமிழ்செல்வன், மூன்றே பேர். செந்தமிழ்செல்வன் டிப்ளமோ முடித்துவிட்டு, குடிகாட்டை ஒட்டிய கெமிக்கல் பேட்டையில் ஒரு கம்பெனி லேபில் வேலை பார்த்தான். அவனுக்குச் சேத்தியாத்தோப்பில் பெண் பார்த்துப் பாதி பேசியும் முடிந்திருந்தது. படகு கவிழ்ந்த பிறகு பெண் வீட்டார் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்: "அது சாவு விழுந்த வூடா, இல்லியா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. சாவுன்னா வருசம் கழிச்சி வெச்சிக்கலாம். இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க." இரண்டில் எதைச் சொல்வது என்று அவனுக்கும் தெரியவில்லை. அம்மா முன்னால் அந்தப் பேச்சை எடுக்கவே அவனுக்குத் தைரியமில்லை.

கயல்விழிக்கு வேலை சிதம்பரத்தில், தெற்கு வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில். தினமும் காலையில் பஸ், இருட்டும் நேரத்தில் பஸ். பேட்டையைத் தாண்டும்போது பஸ்ஸில் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அந்த நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்த சுவேதா, குடிகாட்டு நிறுத்தத்தில் ஏறி, மூக்கைப் பொத்தியவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்து கயல்விழி பக்கத்தில் உட்காருவாள்.

"எங்க ஊரு சென்ட்டுக்கா. வெளிநாட்டுல இதுக்கு காசு கேப்பான்."

சுவேதா சிதம்பரத்தில் மனோதத்துவம் எம்.எஸ்சி. படித்தாள். அவள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். படிப்பு முடிந்து என்ன வேலைக்குப் போவாள் என்று அவள் அப்பா கேட்கும் போதெல்லாம் வேறு பேச்சுக்குத் தாவுவாள். அந்தச் சித்திரையில் அவள் ஒரு ப்ராஜெக்ட் செய்துகொண்டிருந்தாள். கஷ்டத்தில் இருக்கிறவர்கள் நிலவின் போக்கை வைத்துத் தியானம் செய்தால் மனம் நிதானப்படுமா என்பதுதான் விஷயம்.

"ஹாஸ்டல் பொண்ணுங்கதான் சேந்துருக்காங்க. அதுங்களுக்கு என்னா கஷ்டம், மெஸ்ஸுல சாம்பார் நல்லால்லன்றது. நீங்க வாங்கக்கா."

"எனக்குக் கஷ்டம்னு யாருடி சொன்னா?"

சுவேதா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அவளே தணிந்த குரலில் விளக்கினாள். தினமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் நிலவைப் பார்த்து உட்கார வேண்டும்; நிலா இல்லாவிட்டால் அது இருக்க வேண்டிய திசையைப் பார்த்து. வளர்பிறை, செய்வதற்கு: தள்ளிப்போட்ட காரியம் ஒன்றைக் கையில் எடுக்க வேண்டும். முழு நிலா, சந்தோஷப்படுவதற்கு: யாரிடமும் கேட்காமல், தனக்குப் பிடித்த ஒன்றைத் தெரிந்தே செய்ய வேண்டும். தேய்பிறை, விடுவதற்கு. நிலா இல்லாத நாளில் எதுவும் செய்யக் கூடாது. சமையல் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், பேச்சு வேண்டாம். பொழுது சாயும்வரை சும்மா உட்கார வேண்டும்.

"நெசமாவே இதுல ஏதாவது ஆவுமா?"

"தெரியலக்கா. நானும் பண்றேன். சில நாளு ஏதோ கெடச்ச மாதிரி இருக்கு. சில நாளு, இதெல்லாம் வேலவெட்டி இல்லாதவங்க சமாச்சாரம்னு தோணுது. அதத் தெரிஞ்சிக்கத்தானே கேக்கறேன்."

தெரியாது என்று சொன்னதற்காகவே கயல்விழி சம்மதித்தாள். அவளைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் எல்லாவற்றையும் தெரிந்தவர்களாக இருந்தார்கள்.

சித்ரா பௌர்ணமி அன்று ஆரம்பம். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் சுவேதா கடைக்கு வந்து, "என்னா பிடிக்கும்?" என்று கேட்டாள். கயல்விழிக்குப் பதில் வாயில் தயாராக இருந்தது. சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. அவளுக்கு மீன் வேண்டும். படகு கவிழ்ந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் மீன் வரவில்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தெருவில் மீன்காரி கூவும்போது மூன்று பேரும் ஏதாவது வேலை இருப்பது போல உள்ளே போய்விடுவார்கள். கடல் அவனை என்ன செய்திருக்கும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு மெஸ்ஸில் கிள்ளை ஊர்ப் பக்கத்துக் கொடுவா மீன் வறுவல் இருந்தது. "இது கடல் மீன் இல்லல்ல? உப்பங்கழி மீன்தானே?" என்று கயல்விழி பரிமாறுகிறவரிடம் கேட்டாள்.

"உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவுல கதவு போட்டா வெச்சிருக்கு?" என்று அவர் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனார்.

முதல் துண்டைப் பிய்த்து ஓரமாக வைத்துவிட்டாள். மறுபடி எடுத்து வாயில் போட்டாள். மிளகாயும் பூண்டும் தேய்த்து, ஓரம் கருக வறுத்த மீன். எல்லாவற்றையும் சாப்பிட்டாள். முள்ளைச் சப்பினாள். இன்னொன்று கேட்டாள். கை கழுவும்போதுதான் அவளுக்கு உறைத்தது, அவ்வளவு நேரமும் தான் சந்தோஷமாக இருந்தது. அன்று மாலை பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது கிழக்கே நிலா பெரிய பித்தளைத் தாம்பாளம் மாதிரி எழுந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று நம்புகிறவள் இத்தனை மாதம் மீனைத் தொடாமல் இருந்திருப்பாளா? செத்துவிட்டான் என்று நம்புகிறவள் இப்படித் தின்பாளா? வாயில் இன்னும் பூண்டு மணத்தது.

தேய்பிறையில் அவள் விட்ட பெரிய விஷயம் ஒரு கைபேசி எண். ராஜ்கமலின் கைபேசி அவனோடு தண்ணீருக்குள் போய்விட்டது. ஆனால் அந்த எண் செத்துவிடக் கூடாது என்று அவள் அதற்குத் தவறாமல் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தாள். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அந்த எண்ணை அழைப்பாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொல்லும். அந்தக் குரலை மட்டும் அவளுக்குப் பிடிக்கும். எல்லைக்கு வெளியே இருக்கிறான் என்றால் எங்கோ இருக்கிறான் என்றுதானே பொருள். அந்தத் தேய்பிறையில் ரீசார்ஜ் செய்ய வேண்டிய நாள் வந்தது. அவள் செய்யவில்லை. மொட்டைமாடியில் உட்கார்ந்து, இளைத்துப்போன நிலா வருவதற்கு முன்பே எழுந்து கீழே வந்துவிட்டாள். இனி அந்த எண் யாரோ ஒருவருக்குப் போகும். யாரோ அதில் சிரித்துப் பேசுவார்கள்.

அமாவாசை, கடைக்கு வார விடுமுறையாக இருந்த நாளில் வந்தது. வசதியாகப் போயிற்று என்றுதான் நினைத்தாள்.

அந்த வீட்டில் அமாவாசைக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் உள்ளதுதான். புருஷனை இழந்தவள் அன்று ஒருபொழுது இருப்பாள். தலைக்குக் குளித்துவிட்டு, பகல் முழுவதும் வெறும் வயிற்றோடு இருப்பாள். புருஷன் இருக்கிறவள் அப்படி இருக்கவே கூடாது. காலையிலேயே ஒரு வாய் சாப்பிட்டுவிட வேண்டும். மாதா மாதம் கொளஞ்சியம்மாள் பட்டினி கிடப்பாள். மருமகளுக்கு அவளே இட்லி ஊற்றி, "துன்னுட்டு மத்த வேலயப் பாரு" என்று தட்டை நகர்த்துவாள். இது கயல்விழிக்குத் தெரியாதா? தெரியும். பிறகு எப்படி அன்று மறந்தாள் என்று அவளே தன்னைப் பலமுறை கேட்டுக்கொண்டாள். சுவேதா அதை "நியூ மூன்" என்றே சொல்லிக்கொண்டிருந்ததால் அது வேறு நாள் மாதிரி இருந்தது என்று ஒரு சமாதானம் உண்டு. அந்தச் சமாதானம் அவளுக்கே போதவில்லை.

அக்கினி நட்சத்திர வெக்கையில் விடிவதற்கு முன்பே எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டாள். வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கவில்லை, கோலம் போடவில்லை, அடுப்பு பற்றவைக்கவில்லை. உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ஈரத் தலையிலிருந்து முதுகில் நீர் சொட்டியது.

முதலில் மனம் கண்ட இடத்தில் ஓடியது. பிறகு மெல்ல அடங்கியது. அடங்கிய இடத்தில் அவள் ராஜ்கமலைத் தேடினாள். இத்தனை மாதமும் எங்கே தேடினாலும் ஒரு மூலையில் அவன் இருப்பான். ஏதோ ஒரு கரையில், ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில், தாடி வளர்ந்து, பாஷை தெரியாமல். அன்று எந்த மூலையிலும் அவன் இல்லை. அவள் அழவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கொளஞ்சியம்மாள் வாசலைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"ஏம்மா, கோலம் போடல? ஒடம்பு சரியில்லியா?"

கயல்விழி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"தலைக்கு ஊத்தினியா?"

ஆமாம் என்று ஆட்டினாள்.

"எழுந்து வா, ரெண்டு இட்லி ஊத்தறேன். இன்னிக்கு அமாவாச, நீ பட்டினியா இருக்கக் கூடாது."

கயல்விழி கையை உயர்த்தி, வேண்டாம் என்று காட்டினாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். சொல்லவில்லை. உள்ளே அவன் இல்லாததைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, பேச எதுவும் இருக்கவில்லை.

மாமியார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நெற்றியில் பொட்டில்லாத, ஈரத் தலையோடு பட்டினியாய் உட்கார்ந்திருக்கும் மருமகளைப் பார்த்தாள். பிறகு ஒரு சத்தம் போட்டாள்.

"அடிப் பாவி! எம்புள்ளைக்கு எள்ளுத் தண்ணி உட்டுட்டியா? எவன்டி ஒங்கிட்ட வந்து சொன்னான்?"

பக்கத்து வீட்டு முத்தம்மாள் ஓடிவந்தாள். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பார்த்தார்கள். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பார்த்ததே போதுமாக இருந்தது. "அவளாவே முடிவு பண்ணிட்டா போலருக்கு, பாவம்" என்று முத்தம்மாள் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மாலையில் கயல்விழி வாயைத் திறந்து, "அத்தை, அது தியானம். அந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்தது" என்றாள். கொளஞ்சியம்மாள் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பவில்லை.

அதற்குள் செந்தமிழ்செல்வன் சேத்தியாத்தோப்புக்குப் பேசிவிட்டான்.

"என்னா சொன்ன?" என்று கயல்விழி கேட்டாள்.

"நான் ஒண்ணும் சொல்லல அண்ணி. வீட்ல அமாவாசைக்கு அண்ணி விரதம் இருந்தாங்கன்னேன். அவுங்களாவே புரிஞ்சிகிட்டாங்க."

"புரிஞ்சிகிட்டு?"

"வருசம் திரும்புனதும் தையில வெச்சிக்கலாம்னாங்க." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க எதுவும் பண்ண வேணாம். சும்மா இருந்தாலே போதும்."

"சும்மா இருந்ததாலதான் இவ்ளோவும் வந்துது, தம்பி."

அடுத்த சில நாட்களில் தெரு மாறியது. யாரும் கெட்டவர்களாக இல்லை. அன்பாகவே இருந்தார்கள், அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. முத்தம்மாள் மகளுக்கு வளைகாப்பு. அழைக்க வந்தவள் குங்குமச் சிமிழைத் திறந்து நீட்டப்போய், சட்டென்று நினைவு வந்து மூடிக்கொண்டாள். "ஒனக்கு முடிஞ்சா வா கயலு, இல்லன்னா பரவால்ல, சாப்பாடு குடுத்து அனுப்பறன்" என்றாள். கயல்விழி பொட்டு வைத்துக்கொண்டு வெளியே போனால், இப்போது அதுவே தப்பு மாதிரி பார்த்தார்கள். வைக்காமல் போனால் பெருமூச்சு விட்டார்கள். அவன் இருக்கிறான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இல்லை என்று சொல்ல அவளிடம் என்ன சாட்சி இருந்தது? வெக்கையில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்தபோது வந்த ஒரு எண்ணம். அதை நம்பி ஒரு மனுஷனைச் சாகடிக்கலாமா?

விஷயம் கேட்டு சுவேதா பஸ்ஸிலேயே அழுதுவிட்டாள்.

"சத்தியமா தெரியாதுக்கா. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. எங்க வூட்ல அமாவாசன்னா நெலா இல்லாத நாளு, அவ்ளோதான். ஒரு வார்த்த யாரையாவது கேட்டுருக்கணும். எம்.எஸ்சி. படிச்சி கிழிச்சேன். உங்க பேர எடுத்துடறேன்க்கா. ப்ராஜெக்டே வேணாம்னு இருக்கு."

"மூக்கத் தொடச்சிக்க. பஸ்ஸுல எல்லாம் பாக்கறாங்க, பேட்ட நாத்தம்னு நெனைச்சிக்கப் போறாங்க." கயல்விழி மேற்கே பார்த்தாள். வயல்களுக்கு மேல், நகம் கடித்துத் துப்பியது போல ஒரு பிறை தெரிந்தது. "எம் பேர எடுக்காத. வளர்பிறையில என்னா செய்யச் சொன்ன?"

"தள்ளிப் போட்டது ஒண்ணு."

கயல்விழி தள்ளிப் போட்டது ஒன்றுதான். கரைக்கு வந்த இரண்டு பேரில் ஒருவர் படகு டிரைவர் தேவசகாயம். முதுநகரிலேயே இருக்கிறார். அதற்குப் பிறகு கடலுக்குப் போகாமல் ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அவள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். இத்தனை மாதத்தில் அவள் ஒருமுறைகூடப் போனதில்லை. தெருவில் அவரைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் மாறிவிடுவாள். அவளைக் கண்டால் அவரும் மாறிவிடுவார். அது அவருடைய குற்ற உணர்வு என்று நினைத்திருந்தாள். தன்னுடையது பயம் என்று அன்றுதான் ஒப்புக்கொண்டாள்.

மீன்பிடித் தடைக்காலம். ஐஸ் கம்பெனியில் பாதி இயந்திரம் ஓடவில்லை. தேவசகாயம் ஒரு கட்டை ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"வாம்மா" என்றார். ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அண்ணே, சுத்தி வளைக்காம சொல்லுங்க. கடேசியா அவுரு எங்க இருந்தாரு?"

தேவசகாயம் அவளைப் பார்த்த பார்வையில் துக்கத்தைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது.

"எஞ்சின் ரூம்ல. எஞ்சின் நின்னுபோச்சின்னு கீழ எறங்குனாரு. அந்த நேரம் பாத்து அலை பக்கவாட்டுல அடிச்சிது. ஒரே பொரட்டு. நாங்க மேல இருந்தவங்க தெறிச்சி உழுந்தோம். அவரு உள்ள மாட்டிகிட்டாரு. எஞ்சின் ரூம் வாயி தண்ணிக்குக் கீழ போயிடுச்சி. நான் மட்டும் கவுந்த படகு மேல ஏறிப் படுத்துருந்தன், மத்தவங்கள தண்ணி தூரமா அடிச்சிகினு போயிடுச்சி."

"கூப்புட்டாரா?"

அவர் ஓடாத இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தட்டுனாரு."

"ரொம்ப நேரமா?"

"வேணாம்மா."

"சொல்லுங்க."

"கொஞ்ச நேரம். அப்பறம் தட்டல. அப்பறம் படகு முழுவுனுது." அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். ஈரம் எதுவும் இல்லை, ஆனாலும் துடைத்தார். "இதெல்லாம் ஒனக்குத் தெரியும்னுல்ல நெனைச்சிருந்தன். நாலாம் நாளே வந்து ஒங்க மாமியாருகிட்ட சொன்னேனே. தோட்டத்துப் பக்கம் கூட்டிகினு போயி கேட்டாங்க. 'எம் மருமவகிட்ட நானே சொல்லிக்கறன், நீ யாருகிட்டயும் வாயத் தொறக்காத'ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்குனாங்க. தெருவுல ஒங்கிட்ட நின்னு பேசுனா வேற யாரு காதுலயாவது உழுந்துடுமோன்னுதான் ஒதுங்கிப் போனேன்."

ஐஸ் கம்பெனியிலிருந்து வீட்டுக்கு அவள் எப்படி வந்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை. சாலையில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அது மட்டும் நினைவிருக்கிறது. வீட்டில் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. கொளஞ்சியம்மாள் முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கயல்விழி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"தேவசகாயத்தப் பாத்துட்டு வரேன் அத்தை."

உரித்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. இரண்டு மூன்று காய் உரித்த பிறகுதான் நின்றது.

"சொல்லிட்டானா?"

"சொல்லிட்டாரு. எதுக்கு அத்தை? இத்தன மாசம், எதுக்கு?"

கொளஞ்சியம்மாள் முறத்தை ஒதுக்கி வைத்தாள். அந்தத் தெருவே பயப்படும் குரல் அன்று காற்றுப்போலத்தான் வந்தது.

"எனக்குத் தாலி அறுத்தப்ப ஒன்னவிட எனக்கு வயசு கம்மி. நடு வாசல்ல ஒக்கார வெச்சி, எவ எவளோ கைய வெச்சா. வளையல ஒடைக்கறன்னு கையக் கிழிச்சா ஒருத்தி. அந்தக் கையெல்லாம் ஒங் கழுத்துக்கு வரக் கூடாதுன்னு நெனைச்சன்."

மாமியார் இன்னும் முடிக்கவில்லை என்று கயல்விழிக்குத் தெரிந்தது.

"அது மட்டும்னு சொன்னா பொய்யி. அவன் செத்துட்டான்னு தெரிஞ்சா ஒங்க அம்மா வூட்ல வந்து ஒன்னக் கூட்டிகினு போயிடுவாங்க. சின்னவனுக்குக் கல்யாணம் ஆனா அவன் பொண்டாட்டிய பாப்பான். அப்பறம் இந்த வூட்ல அவன நெனைச்சிகினு யாரு இருப்பா? நான் ஒண்டியா, அவன் செத்ததோட குந்தியிருக்கணும். நீ பொட்டு வெச்சிகினு பஸ் ஏறிப் போறப்பல்லாம், அவன் எங்கயோ வேலைக்குப் போயிருக்கான்னு எனக்கே கொஞ்ச நேரம் நம்பிக்க வரும். அதுக்கும்தான்."

"ரெண்டுல எது நெசம்?"

"ரெண்டுந்தான்டி. அன்னிக்கு அமாவாச காலையில நீ ஈரத் தலையோட குந்தியிருந்தப்ப, நான் வெச்சிருந்தது எல்லாம் கொட்டிப்போச்சி."

கோபப்பட வேண்டும் என்று கயல்விழிக்குத் தோன்றியது. கோபம் இருக்கத்தான் செய்தது. இத்தனை மாதம் பெண் குரலைக் கேட்பதற்காக ஒரு செத்த எண்ணைக் கூப்பிட்டது, தெருவில் எதிர்ப்பக்கம் மாறியது, நம்புவது போல நம்பியது எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஆனால் அந்தக் கோபத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள், மகன் உள்ளேயிருந்து தட்டிய சத்தத்தை போன ஐப்பசியிலிருந்து இந்தச் சித்திரை முடிகிறவரை தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தவள். ஒருமுறைகூட வாய்விட்டு அழுததில்லை. அழுதால் தெரிந்துவிடும் அல்லவா?

"அத்தை, இனிமே யாருக்கும் மறைக்க வேணாம். அழுவுங்க."

கொளஞ்சியம்மாள் அவளை நம்பாதது போலப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் மார்பில் அடித்துக்கொண்டு, "எஞ் சாமி!" என்று ஒரு குரல் எடுத்தாள். அது தெருமுனைவரை போனது.

முத்தம்மாள் ஈரக் கையோடு ஓடிவந்தாள். பின்னாலேயே நாலைந்து பேர். "என்னாச்சி? யாருக்கு என்னாச்சி?"

கயல்விழி வாசலுக்கு வந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு செத்துட்டாரு."

முத்தம்மாள் குழம்பினாள். "அது... அதான் போன அமாவாசையிலயே..."

"அது நீங்களா நெனைச்சிகிட்டது. எனக்கே அப்ப தெரியாது. இப்பதான் தெரியும். எஞ்சின் ரூம்ல மாட்டி, போன ஐப்பசியிலயே செத்துட்டாரு. தேவசகாயம் பக்கத்துல இருந்து பாத்துருக்காரு. இப்ப நான் சொல்றேன்."

முத்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய், கொளஞ்சியம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். எப்போதோ நடந்த சாவுக்கு, அன்று காலையில் நடந்தது போல அழுதார்கள். ஒருத்தி எழுந்து போய் அடுப்பை அணைத்து உலையை இறக்கினாள். "இன்னிக்கு இந்த வூட்ல ஆக்கக் கூடாது. நாங்க கொண்டாறோம்" என்றாள். தெருவில் யார் யாரோ வந்தார்கள். முனைக்கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. வயதான ஒருத்தி கயல்விழியின் கழுத்தருகே கையைக் கொண்டுபோய், "இது இருக்கக் கூடாதேம்மா" என்றாள்.

"கை வெக்காதீங்க." கயல்விழி அந்தக் கையை மெதுவாகத்தான் விலக்கினாள். "அது எப்பன்னு நான் பாத்துக்கறேன்."

உள்ளேயிருந்து கொளஞ்சியம்மாள், அழுகைக்கு நடுவே, பழைய குரலில் கத்தினாள்: "எவளாவது அவ கழுத்துல கை வெச்சிப் பாருங்க!"

பொழுது சாயும் நேரத்தில் செந்தமிழ்செல்வன் பைக்கில் தெருவுக்குள் திரும்பினான். வாசலில் நாற்காலிகளையும் கூட்டத்தையும் பார்த்ததும் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மாவுக்கு என்னாச்சி அண்ணி? அம்மாவுக்கு என்னாச்சி?"

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. ஒங்க அண்ணன் செத்துட்டாரு, தம்பி."

அவன் சிரிப்பது போல ஏதோ செய்தான். அதுதான் எல்லாருக்கும் தெரியுமே, நானே சேத்தியாத்தோப்புக்குச் சொன்னேனே என்று அவன் முகம் சொன்னது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்கு உறைத்தது. போன வாரம் அவன் சொன்னது ஒரு கல்யாணத்துக்கான பதில். இது அண்ணன். "எப்புடி?" என்றான். அவள் சொன்னாள். தட்டியதை மட்டும் சொல்லவில்லை. அதை இரண்டு பெண்களும் வைத்துக்கொண்டார்கள். அவன் காலியாக இருந்த நாற்காலிகளைத் தாண்டி மண்ணில் உட்கார்ந்தான். ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதான். அந்தச் சத்தம் வெளியே மங்கலாகத்தான் கேட்டது. கயல்விழி குனிந்து அதன் வாரை அவிழ்த்துக் கழற்றினாள். சின்னப் பையன் மாதிரி முகம் நனைந்திருந்தது.

அவன் சட்டைப் பையில் கைபேசி ஒலித்தது. நின்றது. மறுபடியும் ஒலித்தது. அவனுக்கு எடுக்கும் நிலை இல்லை. கயல்விழியே எடுத்துப் பார்த்தாள். சேத்தியாத்தோப்பு.

"அலோ, மாப்ள..."

"நான் அவுங்க அண்ணி பேசறேங்க. தம்பி அழுதுகிட்டு இருக்காரு." அந்தப் பக்கம் என்ன ஏது என்று பதறினார்கள். "அவுங்க அண்ணன் தவறிட்டாருங்க. ஆமாங்க, எங்க வீட்டுக்காரரு. கல்யாணப் பேச்ச அப்பறம் வெச்சிக்கலாம். மொதல்ல துக்கம் கேக்க வாங்க."